கியர்பாக்ஸ் எடையை எங்க குறைக்கறது: ஓட்டை போடறதா, அலுமினியத்துக்கு போறதா, மோட்டரையே மாத்தறதா?

பிப்ரவரி கடைசி ஆச்சுன்னா எஃப்ஆர்சி (ஹைஸ்கூல் பசங்க பெரிய ரோபோ செஞ்சு ஆடற போட்டி) டீம்ல பசங்க இருக்கிற வீடுகள்ல ஒரே புலம்பல்தான், ரோபோவை தராசுல ஏத்தினோம், லிமிட்டை விட மூணு பவுண்டு ஜாஸ்தி, முதல் போட்டிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு, டிரைவ் கியர்பாக்ஸ் கியர்ல எல்லாம் ஓட்டை போட்டுடலாமா இல்ல அலுமினிய கியர் வாங்கலாமான்னு. டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனில வேலை பாக்கற நம்மாளுங்க சிலர் சாயங்காலம் ஸ்கூல் டீமுக்கு மென்டரா போறாங்க, அவங்க கிட்ட இருந்தும் இதே கேள்விதான் வருது. 2024 வரைக்கும் ரோபோ 125 பவுண்டு வரை இருக்கலாம்னு இருந்தது, 2025ல அதை 115ஆ குறைச்சதும் இந்தக் கேள்வி இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. அந்தந்த வருஷ மேனுவலை நீங்களே ஒரு தடவை படிச்சுக்கோங்க, இந்த நம்பர் மாறிக்கிட்டே இருக்கும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இந்த லிமிட்ல பேட்டரி சேராது, அதனால பேட்டரி பக்கம் கை வச்சு பிரயோஜனம் இல்ல. பம்பருக்கு கணக்கு தனி, அதையும் மேனுவல்லயே பாத்துக்கோங்க.

இங்க நான் எடுத்துக்கற ரோபோ சாதாரண கிட் சேசிஸ் (கிட்ல ரெடியா வர்ற அடிச்சட்டம்), பக்கத்துக்கு ஒரு டஃப்பாக்ஸ் மினி மாதிரி ரெண்டு ஸ்டேஜ் கியர்பாக்ஸ், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சிம் (CIM) மோட்டர், அதாவது பழைய மாடல் கனமான ப்ரஷ் மோட்டர். புது டீம், சின்ன டீம் எல்லாம் பல வருஷமா ஓட்டினது இந்த செட்டப்தான், பழைய பார்ட்ஸ் அலமாரில இன்னும் நிறைய கிடக்கும். ஸ்வெர்வ் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா திரும்பற டிரைவ்) ஓட்டறவங்களுக்கு கடைசில ரெண்டு வரி இருக்கு.

## எதை வச்சு முடிவு பண்றது

கிராம் கணக்கு மட்டும் பாத்தா தப்பா போயிடும். நான் பாக்கறது அஞ்சு விஷயம்.

முதல்ல, குறையற எடை தரைல இருந்து எவ்வளவு உயரத்துல இருக்கு. டிரைவ் கியர்பாக்ஸ் ரோபோவோட அடில உக்காந்திருக்கு. அங்க ரெண்டு கிலோ குறைச்சா மொத்த எடை குறையும், ஆனா ஈர்ப்பு மையம் மேல ஏறும். உயரமான எலிவேட்டர் (மேல ஏறி இறங்கற சட்டம்) வச்ச ரோபோ திருப்பத்துல கவுந்தா, எடையை மிச்சம் பிடிச்சதுக்கு அர்த்தமே இல்ல. இதை யாரும் யோசிக்கறதே இல்லங்கறதுதான் எனக்கு பெரிய ஆதங்கம். மேல இருக்கிற எடைதான் முதல்ல குறையணும், கீழ இருக்கறதை குறைக்கறதுக்கு தனியா ஒரு காரணம் வேணும்.

ரெண்டாவது, ஒரு மணி நேர வேலைக்கு எத்தனை கிராம் குறையுது. போட்டிக்கு முன்னாடி வாரத்துல டீம்கிட்ட இல்லாத ஒரே பொருள் நேரம்தான்.

மூணாவது, உடைஞ்சா எப்படி உடையும். சில பார்ட் மெதுவா தேயும், சத்தம் போட்டு முன்னாடியே சொல்லும். சிலது ஒரே டமால், மேட்ச் நடுவுல ஒரு பக்கம் சக்கரம் நின்னுடும், அப்புறம் ரோபோ வட்டம் அடிக்கும்.

நாலாவது, திரும்ப பழையபடி ஆக்க முடியுமா. ஓட்டை போட்ட கியருக்கு ஓட்டையை அடைக்க முடியாது. மாத்தின மோட்டரை கழட்டி பழசை போட்டுக்கலாம்.

அஞ்சாவது ஸ்பேர். நீங்க மாத்தின ஒவ்வொரு பார்ட்டுக்கும் அதே மாதிரி மாத்தின இன்னொண்ணு பெட்டில இருக்கணும். ரெண்டு கியர்பாக்ஸ்ல நாலு கியர் வேலைன்னு நினைச்சு ஆரம்பிப்பீங்க, ஸ்பேரோட சேத்தா ஆறு, எட்டுன்னு போகும்.

இதோட ரூல் புக். தனியா வாங்கின கியர்பாக்ஸ்ல என்ன வேணா வெட்டலாம், கடையலாம், ஓட்டை போடலாம். மோட்டர்ல முடியாது. மோட்டரை ரோபோல மாட்டறதுக்காக அதோட பிராக்கெட்டையோ ஷாஃப்ட்டையோ கொஞ்சம் மாத்திக்க அனுமதி உண்டு, ஆனா எடை குறைக்கறேன்னு மோட்டர் பாடியை குடைஞ்சா இன்ஸ்பெக்ஷன்ல நிறுத்திடுவாங்க, அந்த ரூலோட விளக்கத்துலயே எடை குறைக்கற நோக்கம் இதுல இல்லன்னு தெளிவா எழுதியிருக்கு. சிம் மோட்டரோட தடியான இரும்பு உறையை லேத்ல கொஞ்சம் சீவிட்டா என்னங்கற யோசனை ஏதோ ஒரு பையனுக்கு கண்டிப்பா வரும், அப்பவே வேண்டாம்னு சொல்லிடுங்க.

## முதல் வழி: ஸ்டீல் கியர்ல ஓட்டை போடறது

பசங்களுக்கு ரொம்ப பிடிச்ச வழி இது, ஏன்னா பாக்க ரேஸ் கார் பார்ட் மாதிரி இருக்கும், செலவும் இல்ல. கணக்கு போட்டுப் பாப்போம்.

டஃப்பாக்ஸ் மினியோட 12.75 ரேஷியோவுல ரெண்டு ஸ்டேஜும் 14க்கு 50 பல். கியர் 20 டிபி, அதாவது பிட்ச் விட்டத்துல (பல்லும் பல்லும் சேர்ற வட்டத்தோட விட்டம்) ஒரு இஞ்சுக்கு 20 பல், அப்போ 50 பல் கியரோட பிட்ச் விட்டம் சரியா 2.5 இஞ்ச், 63.5 மிமீ. 3/8 இஞ்ச் தடிமன்ல, நடுவுல எதுவும் குறைக்காத தட்டையான ஸ்டீல் கியர்னு வச்சுக்கிட்டா அரை இஞ்ச் ஹெக்ஸ் (அறுகோண) ஓட்டை போக சுமார் 225 கிராம் வரும்.

இப்போ ஓட்டையை எங்க போடலாம்னு பாக்கணும். பல்லோட அடி விட்டம் 60.3 மிமீ. பல்லுக்கு கீழ இருக்கிற வளையம் பல் உயரத்துல 1.2 மடங்காவது இருக்கணும்ங்கறது கியர் டிசைன்ல வழக்கமா வச்சுக்கற அளவு, அதுக்கு கீழ போனா பல் வேர்ல வர்ற ஸ்ட்ரெஸ் ஏற ஆரம்பிக்கும். இங்க பல் உயரம் 2.86 மிமீ, அப்போ 3.4 மிமீ வளையத்தை தொடக்கூடாது. உள் பக்கம் ஹெக்ஸ் மூலையைச் சுத்தி ஒரு 5 மிமீ விடணும், இல்லைன்னா ஹெக்ஸ் மூலைல இருந்து ஓட்டை வரைக்கும் விரிசல் ஓடும். இதெல்லாம் போக மிச்சம் இருக்கிற இடம் ஆரத்துல 14 மிமீ சொச்சம். அதுல 12 மிமீ ஓட்டை, மையத்துல இருந்து 19.5 மிமீ தூரத்துல, ஆறு போடலாம். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல 7.5 மிமீ உலோகம் நிக்கும், அது போதும்.

எவ்வளவு குறைஞ்சது? ஒரு கியருக்கு சுமார் 50 கிராம். ரெண்டு கியர்பாக்ஸுக்கும் சேத்து நாலு கியர், மொத்தம் 200 கிராம், அரை பவுண்டு கூட இல்ல.

இதுக்கு என்ன வேலைன்னா, கியர்பாக்ஸை முழுசா பிரிக்கணும், கியரை கழட்டணும், மார்க் பண்ணி பஞ்ச் அடிச்சு 5 மிமீ பைலட் போட்டு அப்புறம் 12 மிமீ பிட். ஸ்டீல் மென்மையானதா இருந்தா நீள நீளமா சுருள் சுருளா சீவல் வரும், நல்லது. கியர் ஹார்டன் பண்ணதா இருந்தா பிட் கீச்சுன்னு கத்தி, ஓரம் நீலமாகி, அடுத்த ஓட்டைக்கு உதவாது, அப்போ அங்கயே நிறுத்திட்டு வேற வழி பாருங்க. எல்லா ஓட்டைக்கும் ரெண்டு பக்கமும் பிசிறு எடுக்கணும், கூரான ஓரத்துல இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். அப்புறம் நல்லா கழுவணும். ஒரு சின்ன சீவல் க்ரீஸோட ஒட்டிக்கிட்டு உள்ள போனா கியர் பல்லையும் பேரிங்கையும் ஒரே போட்டில தின்னுடும். ஓட்டையை ட்ரில் பண்றப்ப மோட்டர் பக்கத்துல இருக்கவே கூடாது, அதுல காந்தம் இருக்கு, இரும்புத்தூள் எல்லாம் அங்கதான் போய் ஒட்டும்.

ஒரு சாயங்காலம் முழுக்க நாலு பேர் வேலை பாத்து அரை பவுண்டுக்கும் குறைவு. இதுல ஒரு வாதம் எப்பவும் வரும், சுத்தற எடை குறைஞ்சா ரோபோ வேகமா கிளம்பும், அதனால சுத்தற 50 கிராம் சும்மா இருக்கிற 50 கிராமை விட மதிப்புன்னு. தத்துவம் சரிதான், ஆனா இந்த கியர்பாக்ஸ்ல அதிக வேகத்துல சுத்தறது மோட்டரோட ரோட்டர், முதல் 50 பல் கியர் அதை விட மூணரை மடங்கு மெதுவா சுத்துது, ரெண்டாவது கியர் 12.75 மடங்கு மெதுவா. வேக வித்தியாசம் வர்க்கத்துல போகும், அதனால கியர்ல நீங்க போட்ட ஓட்டை ஸ்டார்ட்டிங்ல எதையும் மாத்தாது. அதுவும் ஓட்டை எல்லாம் மையத்துக்கு கிட்ட இருக்கு, சுத்த ஆரம்பிக்கறதை பெருசா எதிர்க்கறது ஓரத்துல இருக்கிற எடை.

அப்போ எப்பதான் இது சரி? கியர்பாக்ஸ் மேல, ஆர்ம் மூட்டுல தொங்கும்போது. அங்க 50 கிராம் குறைஞ்சா ஆர்ம் மோட்டருக்கு நிம்மதி, ஈர்ப்பு மையமும் இறங்கும். அப்புறம், ரோபோ வெறும் கால் பவுண்டு ஓவரா இருந்து, காசு செலவு பண்ண வழியே இல்லாதப்ப.

## ரெண்டாவது வழி: அலுமினிய கியர்

அதே 50 பல் கியர் 7075ங்கற பலமான அலுமினியத்துல சுமார் 80 கிராம். ஸ்டீல்ல இருந்து மாத்தினா கியருக்கு 145 கிராம் மிச்சம், நாலு கியருக்கு 580 கிராம், ஒண்ணே கால் பவுண்டுக்கு கொஞ்சம் மேல. ஓட்டை போடறதை விட மூணு மடங்கு லாபம், ட்ரில் மெஷின் பக்கமே போக வேண்டாம், எஃப்ஆர்சி சப்ளையர்கள் கிட்ட 20 டிபி ஹெக்ஸ் ஓட்டையோட ரெடியா கிடைக்குது, பெரிய கியர்ல நடுவுல குறைச்சே தர்றாங்க.

ஆனா எல்லா கியரையும் அலுமினியம் ஆக்கக்கூடாது. 14 பல் பினியன் (பெரிய கியரை ஓட்டற சின்ன கியர்) ஸ்டீலாவே இருக்கட்டும். அது 50 பல் கியர் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள மூணரை சுத்து சுத்துது, ஒவ்வொரு பல்லுக்கும் அத்தனை மடங்கு அடி. பினியன் எடையும் கொஞ்சம்தான், அதை மாத்தி கிடைக்கறது ஒண்ணுமில்ல. ஸ்டீல் பினியன், அலுமினிய பெரிய கியர், இந்த ஜோடிதான் நல்லா ஓடுது. அலுமினியத்து மேல அலுமினியம் உரசினா ரெண்டுமே தேயும், கறுப்பு க்ரீஸ் வழியும்.

தேய்மானம் எவ்வளவு பெரிய கவலை? மிச்சிகன் மாதிரி டிஸ்ட்ரிக்ட்ல ஒரு போட்டிக்கு 12 குவாலிஃபிகேஷன் மேட்ச், ஒவ்வொண்ணும் ரெண்டரை நிமிஷம் சொச்சம், அதாவது மொத்தமே அரை மணி நேரம் பக்கம். ப்ளேஆஃப் போனாலும் ஒரு மணி நேரம் ஆகாது. கியரை தின்னறது போட்டி இல்ல, ப்ராக்டிஸ். டிரைவர் பையன் தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஓட்டற டீம்னா, ப்ராக்டிஸை பழைய ஸ்டீல் கியர்ல ஓட்டிட்டு போட்டிக்கு முன்னாடி அலுமினியம் மாத்தறதுங்கற யோசனை காகிதத்துல நல்லா இருக்கும். நான் அதை சிபாரிசு பண்ண மாட்டேன், போட்டிக்கு முந்தின ராத்திரி பிரிச்ச கியர்பாக்ஸை யாரும் நம்பக்கூடாது. ரெண்டு வாரம் முன்னாடியே மாத்தி, அதுலயே ப்ராக்டிஸ் பண்ணி, பத்து மணி நேரம் ஓடினதும் மூடியைத் திறந்து பல்லைப் பாருங்க. பல் நுனி கூராகி கத்தி மாதிரி ஆயிருந்தா மாத்தற நேரம் வந்துடுச்சு.

மறைஞ்சு இருக்கிற செலவு ஹெக்ஸ் ஓட்டை. ரோபோ முன்னும் பின்னும் சடார் சடார்னு திரும்பறப்ப ஸ்டீல் ஷாஃப்ட்டோட மூலை அலுமினிய ஓட்டையோட சுவரை குத்தும், கொஞ்ச நாள்ல ஓட்டை வட்டமாகி ஆட்டம் வரும். கைல சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாத்தா டக் டக்னு தெரியும். கியர் கொஞ்சம் அகலமா இருந்தா இது குறையும்.

## மூணாவது வழி: ஷாஃப்ட்டும் ப்ளேட்டும்

அரை இஞ்ச் ஹெக்ஸ் ஸ்டீல் ஷாஃப்ட் 10 செமீ நீளத்துக்கு 110 கிராம், 7075 அலுமினியத்துல 39. ஸ்டீலையே வச்சுக்கிட்டு நடுவுல கால் இஞ்ச் ஓட்டை குடைஞ்சா 25 கிராம் குறையும். விட்டத்துல பாதி ஓட்டை போட்டாலும் முறுக்கு பலம் போறது ஆறு சதவீத சொச்சம்தான், ஏன்னா நடுவுல இருக்கிற உலோகம் முறுக்கைத் தாங்கறதுல பெருசா பங்கு எடுக்கறதில்ல. கேக்க அருமையா இருக்கு, ஆனா 10 செமீ ஸ்டீல்ல நேரா கால் இஞ்ச் ஓட்டை விழறதுக்கு நல்ல லேத்தும் பொறுமையான கையும் வேணும், பாதில பிட் உடைஞ்சு உள்ள மாட்டிக்கிட்டா அந்த ஷாஃப்ட் குப்பை. கோயம்புத்தூர் பட்டறைல நீட்டினா கடைஞ்சு கொடுத்துடுவாங்க, அமெரிக்க ஸ்கூல் கேரேஜ்ல அந்த வசதி எல்லா டீமுக்கும் கிடையாது.

அலுமினிய ஷாஃப்ட்டுக்கு போறவங்க கவனிக்க வேண்டியது முறுக்கு இல்ல, வளைவு. பேட்டரி, பம்பர் எல்லாம் சேத்து ரோபோ 68 கிலோன்னு வச்சுக்கிட்டா, 6 இஞ்ச் சக்கரம் தரைல வழுக்கற அளவுக்கு ஒரு பக்கத்துக்கு சுமார் 28 நியூட்டன் மீட்டர் டார்க் வரும். அது மொத்தமும் ஒரே அரை இஞ்ச் ஷாஃப்ட்ல போனாலும் ஸ்ட்ரெஸ் 70 மெகாபாஸ்கல் பக்கம், 7075க்கு இது தூசி. பிரச்னை என்னன்னா சக்கரம் ஷாஃப்ட் நுனில தொங்கிக்கிட்டு இருந்து, ரோபோ ஒரு மேட்டுல ஏறி டொக்குன்னு இறங்கும்போது ஷாஃப்ட் வளையும். அதுவும் சர்க்ளிப்புக்காக (ஷாஃப்ட் நகராம பிடிக்கற வளையம்) வெட்டின பள்ளத்துல இருந்து விரியும். அதனால ரெண்டு பக்கமும் பேரிங் தாங்கற ஷாஃப்ட்டுக்கு அலுமினியம் ஓகே, சக்கரம் வெளிய தொங்கற ஷாஃப்ட்டுக்கு ஸ்டீல். க்ளைம்பர்ல (ரோபோ தன்னையே மேல தூக்கிக்கற பகுதி) மொத்த ரோபோவும் தொங்கற கடைசி ஷாஃப்ட்டுக்கு பேச்சே இல்ல, ஸ்டீல்தான்.

கியர்பாக்ஸோட பக்கவாட்டு ப்ளேட் பத்தி சுருக்கமா. 6க்கு 4 இஞ்ச், கால் இஞ்ச் தடிமன் அலுமினிய ப்ளேட் 265 கிராம். பேரிங் ஓட்டையைச் சுத்தியும் போல்ட்டுக்கு போல்ட் பாலமா நிக்கற இடத்தையும் விட்டுட்டு மிச்ச இடத்துல இருந்து ப்ளேட் எடைல 35 சதவீதம் எடுத்தா ப்ளேட்டுக்கு 90 கிராம் கிடைக்கும், நாலு ப்ளேட்டுக்கு முக்கால் பவுண்டு. சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் ஓட்டற வெட்டற மெஷின்) இருக்கிற டீமுக்கு இது சுலபம், அப்படி இருந்தா டிசைன் பண்ணும்போதே இதை பண்ணியிருப்பீங்க. இல்லாதவங்க கைல ட்ரில் பண்ணி ஆரம்பிக்காதீங்க. பாலிகார்பனேட் (ஒரு வகை பிளாஸ்டிக்) ப்ளேட் இன்னும் லேசு, ஆனா கியர் இடைவெளி லோடுல விரியும், பல் நுனி மட்டும் தொட்டு தாவும். அதோட போல்ட்டுக்கு நீலக் கலர் லாக்டைட் (போல்ட் கழலாம பிடிக்கற பசை) போடற பழக்கம் இருந்தா பாலிகார்பனேட் பக்கம் கொண்டு போகாதீங்க, அது பட்ட இடத்துல சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும்.

## நாலாவது வழி: கியர்பாக்ஸ் அப்படியே இருக்கட்டும், மோட்டரை மாத்து

இதுதான் நிறைய பேர் கண்ணுல படாத வழி. ஒரு சிம் மோட்டர் 2.8 பவுண்டு, 1.27 கிலோ. நாலு சிம் 5 கிலோவுக்கு மேல. டிரைவ்ல இருக்கிற எல்லா கியரையும் சேத்தாலும் அந்த எடைக்கு கிட்ட வராது, நாம என்னமோ கியர்ல 50 கிராமுக்கு ட்ரில் பிட்டை உடைச்சுக்கிட்டு இருக்கோம்.

2019 சீசனுக்கு ரெவ் கம்பெனி நியோன்னு ஒரு ப்ரஷ்லெஸ் மோட்டர் கொண்டு வந்தாங்க. எடை 0.425 கிலோ. போல்ட் ஓட்டை, கீ வச்ச 8 மிமீ ஷாஃப்ட் எல்லாம் சிம் மாதிரியே, அதனால பழைய பினியனை கழட்டி இதுல ஏத்திக்கலாம். லோடு இல்லாத வேகம் சிம்முக்கு 5300 சொச்சம் ஆர்பிஎம், நியோவுக்கு 5676, அதனால ரேஷியோவையும் மாத்த வேண்டாம். பவர் 337 வாட்ல இருந்து 406க்கு போகுது. எடை மட்டும் மோட்டருக்கு 845 கிராம் குறையுது. நாலுக்கு 3.38 கிலோ, ஏழரை பவுண்டு கிட்ட. ஒரு சாயங்காலத்துல முடியற வேலை, பிடிக்கலைன்னா பழசை போட்டுக்கலாம்.

அப்புறம் ஏன் எல்லாரும் இதை பண்ணலைன்னா, காசு. மோட்டர் விலையை விட அதுக்கு வேண்டிய கண்ட்ரோலர் விலை ஜாஸ்தி. சிம் ஓட்டின விக்டர், டேலன் எஸ்ஆர்எக்ஸ் கண்ட்ரோலர் எல்லாம் ப்ரஷ்லெஸ் மோட்டரை ஓட்டாது, ஸ்பார்க் மேக்ஸ் மாதிரி கண்ட்ரோலர் மோட்டருக்கு ஒண்ணா நாலு வாங்கணும், ஸ்பேருக்கு ஒண்ணு. ப்ரோக்ராம் பண்ற பசங்க லைப்ரரி மாத்தணும், ஐடி கொடுக்கணும், ஃபர்ம்வேர் ஏத்தணும், இதுக்கு ஒரு வாரம் எடுத்துக்கோங்க. மெக்கானிக்கல் டீம் ஒரு மணி நேர வேலைன்னு சொல்றது ப்ரோக்ராமிங் டீமுக்கு ஒரு வாரம்.

இன்னும் மூணு சின்ன விஷயம். நியோல இருந்து கண்ட்ரோலருக்கு ஒரு மெல்லிசு சென்ஸார் கேபிள் போகும், அது லூஸானா மோட்டர் ஓடாது. மேட்ச்ல மோதும்போது கழன்டா அந்த பக்கம் ஒரு மோட்டர் செத்துது. கனெக்டரை டேப் போட்டோ க்ளிப் போட்டோ இறுக்கிடுங்க. ரெண்டாவது, சிம்மோட கனமான இரும்பு உடம்பு வீண் இல்ல, சூட்டை வாங்கி வச்சுக்கும், எதிராளியை முட்டிக்கிட்டு நின்னாலும் கொஞ்ச நேரம் தாங்கும். லேசான மோட்டர் சீக்கிரம் சூடாகும், சாஃப்ட்வேர்ல 40 ஆம்ப் பக்கம் கரண்ட் லிமிட் போடாம களத்துல இறக்காதீங்க. மூணாவது, பழைய போல்ட்டையே போடறதுக்கு முன்னாடி நீளம் பாருங்க, ஜாஸ்தி நீளம் உள்ள போனா மோட்டரை குத்தும்.

ஃபால்கன் 500, க்ராக்கன் எக்ஸ்60 ரெண்டும் கண்ட்ரோலரையும் உள்ளயே வச்சுக்கிட்டு ஒரு பவுண்டு சொச்சம்தான். கையில காசு இருந்தா அது இன்னும் சுத்தமான வழி, ஆனா ஷாஃப்ட் ஸ்ப்லைன் மாதிரி இருக்கும், கீ வச்ச பழைய பினியன் அப்படியே ஏறாது, பினியனோ அடாப்டரோ கூட வாங்கணும்.

இங்கதான் நான் முதல்ல சொன்ன உயரக் கணக்கு வருது. ஏழரை பவுண்டை ரோபோவோட அடில இருந்து எடுக்கறீங்க. மேல கனமான எலிவேட்டர் இருந்தா ரோபோ முன்ன விட தலைபாரமா மாறும். மூணு பவுண்டு ஓவர்னு ஆரம்பிச்சு ஏழரை குறைச்சா மிச்சம் நாலரை இருக்கு, அதுல ஒரு பங்குக்கு சேசிஸ் அடில ஸ்டீல் பட்டை வச்சு போல்ட் போட்டுக்கோங்க. எடையை எடுத்துட்டு திரும்ப எடை வைக்கறதான்னு பசங்க சிரிப்பாங்க, வைக்கற இடத்தை நீங்க முடிவு பண்றீங்கங்கறதுதான் வித்தியாசம். தள்ளு முள்ளு இருக்கிற ஆட்டத்துல சக்கரத்து மேல விழற எடைதான் பிடிமானம், லிமிட்டுக்கு ரொம்ப கீழ நின்னா தள்ளிட்டு போயிடுவாங்க.

## அஞ்சாவது வழி: ரெண்டாவது ஸ்பீடை எடுத்துடறது

ஓடும்போதே கியர் மாத்தற ரெண்டு ஸ்பீடு ஷிஃப்டர் வச்ச டீமுக்கு மட்டும் இது. கேள்வி ஒண்ணுதான், காத்தழுத்தத்துல ஓடறது ரோபோல ஷிஃப்டர் மட்டும்தானா? ஆமான்னா அந்த ஒரு வேலைக்காக கம்ப்ரெசர், டேங்க், ரெகுலேட்டர், சோலனாய்டு, ட்யூப் எல்லாம் சுமந்துக்கிட்டு திரியறீங்க, எல்லாத்தையும் கழட்டினா சில பவுண்டு ஒரே அடில போகும், பேட்டரியும் மிச்சம். ஒரே ஸ்பீடு கியர்பாக்ஸா மாத்தி, நடுத்தரமான ரேஷியோ ஒண்ணு வச்சுக்கோங்க, டஃப்பாக்ஸ் மினில 10.71 மாதிரி. இன்டேக்கோ க்ரிப்பரோ காத்துல ஓடுதுன்னா இந்த வழி உங்களுக்கு இல்ல, ஷிஃப்டரை எடுத்து கிடைக்கறது கொஞ்சம்தான்.

ஒரு பக்கத்துக்கு மூணு சிம் வச்ச பழைய ரோபோ இருந்தா, ஒவ்வொரு பக்கமும் ஒண்ணை கழட்டினாலே 5.6 பவுண்டு. மெயின் ப்ரேக்கர் 120 ஆம்ப், ஆறு மோட்டரும் முழு மூச்சா இழுத்தா பேட்டரி வோல்டேஜ் விழுந்து ரோபோ தள்ளாடும், அதனால ஆறாவது மோட்டரை நீங்க நினைக்கற அளவுக்கு மிஸ் பண்ண மாட்டீங்க.

## ஒரே பார்வைல

| வழி | மொத்த டிரைவ்ல குறையறது | வேலை | உடைஞ்சா | பழையபடி ஆகுமா | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|---|
| ஸ்டீல் கியர்ல ஓட்டை | 200 கிராம் | ஒரு சாயங்காலம் முழுக்க | சரியா போட்டா உடையாது, ஓரத்துக்கு போனா விரிசல் | ஆகாது | சீவல், பிசிறு, ஸ்பேர் கியருக்கும் அதே வேலை |
| அலுமினிய பெரிய கியர் | 580 கிராம் | பிரிச்சு மாட்டற வேலை மட்டும் | மெதுவா தேயும், முன்னாடியே தெரியும் | ஆகும் | அடிக்கடி திறந்து பாக்கணும், ஹெக்ஸ் ஆட்டம் |
| 15 செமீ அவுட்புட் ஷாஃப்ட் ரெண்டும் அலுமினியம் | 200 கிராம் | அளவா வெட்டி மாட்டணும் | வளையும், பள்ளத்துல விரியும் | ஆகும் | தொங்கற சக்கரத்துக்கு ஆகாது |
| ப்ளேட் குடையறது | 370 கிராம் | சிஎன்சி இருந்தா சுலபம் | ப்ளேட் வளைஞ்சா கியர் தாவும் | புது ப்ளேட் வேணும் | மெஷின் நேரம் |
| சிம் எடுத்து நியோ | 3.38 கிலோ | மாட்ட ஒரு சாயங்காலம், கோடுக்கு ஒரு வாரம் | சூட்டுல போகலாம், கேபிள் கழன்டா நிக்கும் | ஆகும் | கண்ட்ரோலர் விலை, தலைபாரம் |
| ஷிஃப்டரும் காத்து சமாச்சாரமும் எடுக்கறது | சில பவுண்டு | ரெண்டு மூணு நாள் | உடைய ஒண்ணும் இல்ல | கஷ்டம் | தள்ற பலமோ வேகமோ கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும் |

## யாருக்கு எது

சிம் மோட்டர்ல ஓட்டறீங்க, ரெண்டு பவுண்டுக்கு மேல ஓவர், ஸ்பான்சர் காசு கொஞ்சம் இருக்குன்னா யோசிக்கவே வேண்டாம், மோட்டரை மாத்துங்க, கியரைத் தொடாதீங்க. காசு இல்லைன்னா அலுமினிய கியர், பினியன் மட்டும் ஸ்டீல்.

ஏற்கனவே நியோவோ க்ராக்கனோ ஓட்டறீங்க, ஒரு பவுண்டுக்குள்ள ஓவர்னா டிரைவ் கியர்பாக்ஸை விட்டுட்டு மேல பாருங்க. எலிவேட்டர்ல தேவைக்கு மேல நீளமான போல்ட், தடி தடியான அலுமினிய ட்யூப், ஆர்ம் மூட்டுல நேரா மாட்டின மோட்டரும் கியர்பாக்ஸும். அந்த கியர்பாக்ஸை கீழ இறக்கி செயின் போட்டா எடை குறையாம போனாலும் ரோபோ நிக்கற விதமே மாறும். அங்கயே இருந்தாகணும்னா அந்த கியர்பாக்ஸுக்குதான் அலுமினிய கியரும் ஓட்டையும் முதல் உரிமை, டிரைவுக்கு இல்ல.

போட்டி நாளைக்கு, தராசு 0.3 பவுண்டு ஜாஸ்தி காட்டுதுன்னா கியர்பாக்ஸை பிரிக்காதீங்க. வயரை நீளம் குறைச்சு வெட்டுங்க, ஸ்பான்சர் போர்டை மெல்லிசு ஷீட்ல மாத்துங்க, போல்ட் நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அறுத்து விடுங்க. இருக்கிற கியர்பாக்ஸ் நேத்து வரைக்கும் ஓடுச்சுங்கறது பெரிய சொத்து.

ஸ்வெர்வ் மாட்யூல் உள்ள இருக்கிற கியர்ல கை வைக்காதீங்க. வாங்கும்போதே லேசா பண்ணிதான் தர்றாங்க, இடம் நெருக்கம், ஒரு மாட்யூல் போனா ரோபோ நேரா போகாது. எட்டு மோட்டர் இருக்கறதுனால எடை ஜாஸ்தின்னு தோணினா, திருப்பற மோட்டர் நாலுக்கும் சின்ன மோட்டர் போதுமான்னு அடுத்த சீசன் டிசைன்ல பாத்துக்கலாம், சீசன் நடுவுல வேண்டாம்.

எந்த வழிக்கு போனாலும் முதல்ல கிச்சன் தராசு ஒண்ணு வாங்கிட்டு வந்து, கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பார்ட்டையும் எடை போட்டு ஒரு ஷீட்ல எழுதுங்க. நான் மேல கொடுத்த கியர், ஷாஃப்ட், ப்ளேட் எடை எல்லாம் அளவையும் அடர்த்தியையும் வச்சு போட்ட கணக்கு, உங்க கைல இருக்கிற கியர்ல கம்பெனிக்காரங்க ஏற்கனவே நடுவுல குறைச்சிருந்தா ஓட்டை போட்டு கிடைக்கறது 50 கூட இருக்காது, 20தான் வரும். அந்த ஷீட்டை எடை வாரியா வரிசைப்படுத்திட்டு மேல இருந்து மூணு வரியை மட்டும் பாத்து முடிவு எடுங்க.